நாக்கு

கிம்லியில் ஜனவரி. ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
மண்புழுக்கள் கைக்கெட்டாத ஆழத்தில்.
ஓரெஸ்ட் சுரங்க வேலைக்குப் போகையில்
விட்டுச்சென்ற கார்ட்டர் பாம்புக்கு
உறைபெட்டியிலிருந்து ஓர் எலிக்குஞ்சை
வெந்நீரில் இளக்கி இடுக்கியில் நீட்டினேன்.

நாக்கு இரண்டு தரம் வெளியே வந்து
இல்லை என்றது.
ஆட்டினேன். கெஞ்சினேன். உக்ரேனிய மொழியில் திட்டினேன்.
அதன் கணக்கில் அது எலியே இல்லை,
இளஞ்சிவப்பாய் ஏதோ ஒன்று.

"புழுவைத் தேய்த்துக் கொடு" என்றாள்
தூண்டில் கடை ஹால்டோரா,
தலை நிமிராமல், சில்லறை எண்ணியபடி.
தேய்த்தேன், தைலம்போல.
நாக்கு வந்தது. நின்றது. மறுபடி வந்தது.
பிறகு தலைமுதல் வால்வரை உள்ளே போனது
புழு என்ற பெயரில் ஓர் எலி.

வெள்ளிக்கிழமை மீன்கொட்டகையில்
பதினோரு மணிநேரம் பிக்கரல் அரிந்துவிட்டு
கைகூடச் சரியாகக் கழுவாமல்
தண்ணீர்க் கிண்ணம் மாற்றப் போனேன்.
சுட்டுவிரலைக் கவ்வி
விழுங்கத் தொடங்கியது,
சந்தேகமே இல்லாமல்.

ஓரெஸ்ட் கூப்பிட்டு இரண்டு மாதம் இருக்கும்.
விரலை நான் இழுக்கவில்லை.
அதுவே தப்பை உணர்ந்து துப்பும்வரை
நின்ற இடத்தில்
மீனாக இருந்தேன்.