முள்ளுக்குள்

முப்பத்தொரு வருஷம்
பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே
ஸ்டீயரிங் பிடித்தவன்.
இஞ்சின் பக்கம் கொடுத்திருந்த இடதுகாது
எனக்கு முன்னே ஓய்வு பெற்றுவிட்டது.
வலது கொஞ்சம் தாமதமாக.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய மெஷின்,
சட்டைப் பித்தான் அளவு பேட்டரி.
பிரசங்கம் தொடங்கியதும் அணைத்துவிடுவேன்.
தெரிந்த கதைக்கு எதற்குச் செலவு?
என் பென்ஷன் கணக்கு கர்த்தருக்குத் தெரியும்.

இந்த ஞாயிறு மறந்துபோனேன்.

பசுமலை ஆலயத்தில்
விதைக்கிறவன் புறப்பட்டான்.
வழியோரம் விழுந்தது, பறவைகள்.
பாறையில் விழுந்தது, வெயில்.
முள்ளுக்குள்...
கீச்சென்றது. அவ்வளவுதான்.

ஆயரின் வாய் அசைகிறது.
மின்விசிறி சும்மா சுற்றுகிறது.
கனகமணி கைப்பையில் வேறு பேட்டரி தேடுகிறாள்:
மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி, காணிக்கைக் கவர்.

நாலாவது நிலம் எனக்குத் தெரியும்.
ஞாயிறு பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்து
பென்சில் டப்பா வாங்கியவன்.
ஆனாலும்
முள்ளுக்குள் நின்றபடி
அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
செக்கானூரணி மானாவாரிக் காடு
ஐப்பசி வானத்தைப் பார்ப்பதுபோல.

முப்பதா, அறுபதா, நூறா?
சொல்லுங்க ஐயா.
அப்புறம் என்ன ஆச்சு?