நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

பளபளப்பான படப்புத்தகத்தை எடுக்காதீர்கள்.
அதில் எல்லா விமானமும் நீல வானத்தில் நிற்கிறது,
ஒன்றுகூட நனையவில்லை.
ரங்கூன் ஆடி மழையில்
என் கடையே தார்ப்பாய்க்கடியில் பதுங்கும்போது
நனையாத விமானத்தை எப்படி நம்புவது?

பான்சோடான் நடைபாதையில்
பதினெட்டு வருஷமாகப் பழைய புத்தகம் விற்கிறேன்.
பறந்ததில்லை.
நான் ஏறிய அதிக உயரம்
ஆறாவது மாடி, மச்சான் வீடு, படியேறித்தான்.

ஆனாலும் விமானம் என்று யார் கேட்டாலும்
முதலில் மேகத்தைத்தான் கையில் கொடுப்பேன்.
இந்த வானிலைப் பாடநூல், முதுகு பிய்ந்தது.
இடிமேகத்துக்கு மட்டும் முப்பது பக்கம்.
முன்னால் படித்தவர் ஓரத்தில் பர்மிய எழுத்தில்
'இதைச் சுற்றிப் போ' என்று எழுதி
இரண்டு கோடு போட்டிருக்கிறார்.
அந்த இரண்டு கோட்டுக்காகவே வாங்கலாம்.

அப்புறம் இது, பழுதுபார்ப்போர் கையேடு.
கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை.
'இறுக்கு. துடை. மறுபடி பார்.
சந்தேகமென்றால் தரையிலேயே வை.'
கல்யாணமான புதிதில் யாராவது
எனக்கு இதைக் கொடுத்திருக்கலாம்.

விபத்து விசாரணை அறிக்கை ஒன்றும் உண்டு.
கடைசி ஏழு நிமிடப் பேச்சில் பாதி
தேநீரில் சர்க்கரை போதவில்லை என்பதுதான்.
அதைப் படித்த நாளிலிருந்து
டீக்கடையில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை.

காகித விமானம் மடிக்கும் புத்தகமா?
பாதிப் பக்கம் இல்லை.
கிழிந்ததென்று சொல்லாதீர்கள், பறந்துபோனது.

இருங்கள்.
தமிழ் படிப்பீர்கள் அல்லவா, அதனால் காட்டுகிறேன்.
இந்தச் சாம்பல் அட்டை.
மலைகளுக்கு மேலே சரக்கு ஏற்றிப் போன ஒருவர்
ஆங்கிலத்தில் எழுதியது.
முதல் அறுபது பக்கம் மாமியார் வீட்டு வழக்கு,
தள்ளிவிடுங்கள்.
அறுபத்தொன்றில் பனி தொடங்கும்.
நூற்றுப் பன்னிரண்டில் ஒரு எந்திரம் நிற்கும்,
மேகம் மூடும், எரிபொருள் முள் சரியும்,
அவர் கீழே பார்ப்பார்.
அடுத்த பக்கம் நூற்று இருபத்தொன்பது.
அதில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கிறார்.
நடுவே பதினாறு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.

இறங்கினாரா என்பார்கள்.
புத்தகம் எழுதியிருக்கிறாரே, இறங்கித்தான் இருப்பார் என்பேன்.
சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஞானப்பூ சிரிக்கவில்லை.
மிங்கலாடோனில் விமானச் சாப்பாடு கட்டும் கூடத்தில் வேலை.
அடையாள அட்டையில் தான் தான் நு,
இந்த நடைபாதையில் ஞானப்பூ.
ஒரு ஷிஃப்டுக்கு இருநூற்றுப் பதினாலு தட்டு.
ஜன்னல் கிடையாது.
விமானம் கிளம்புவது
கரண்டிகள் நடுங்குவதில்தான் தெரியுமாம்.
'இறங்கிய கதையைச் சொல்லாமல்
இந்த மனுஷன் எப்படிச் சவரம் செய்கிறார்?'
கேட்டுவிட்டுக் கடனாக எடுத்துப் போனாள்.

மழை ஓய்ந்து, தீபாவளி போய்,
தடின்ஜுட் விளக்குகளும் அணைந்தபின் வந்தாள்.
புத்தகத்தின் நடுவே பதினாறு தாள்.
சாப்பாட்டுப் பட்டியலின் வெற்றுப் பின்புறம்,
தமிழில், நீல மையில்,
தலையணை தைக்கும் நூலால் தைத்து.

அவளுடைய விமானி பனியில் இறங்கவில்லை.
மலையை விட்டு நேரே மிங்கலாடோனுக்கு வருகிறார்,
கொட்டும் மழையில், ஒற்றை எந்திரத்தோடு.
சக்கரம் தரையைத் தொடுவது அரை வரி.
மிச்சமெல்லாம்
ஜன்னலில்லாத கூடத்தில் ஒருத்தி
கரண்டிகள் நடுங்கி அடங்குவதைக் கேட்டபடி
திரும்பி வரப்போகும் ஒரே ஒரு தட்டுக்காகக்
கையைத் துடைத்துக்கொண்டு நிற்பது.
தட்டு வருகிறது.
ரொட்டியில் பல் பதிந்திருக்கிறது.
சரி, ஆள் இருக்கிறார் என்று
அடுத்த தட்டை அடுக்கப் போகிறாள்.

மற்றவை மூவாயிரம் கியாட்.
இது எட்டாயிரம், பேரம் இல்லை.
யாராவது வாங்கிவிடுவார்களோ என்று
எனக்கும் பயம்தான்.
இங்கேயே உட்கார்ந்து படித்தால் காசு வேண்டாம்.
நூற்றுப் பன்னிரண்டு வந்ததும் குரல் கொடுங்கள்,
டீ சொல்கிறேன்.
சர்க்கரை போதாவிட்டால்
ஒன்றும் சொல்லக்கூடாது.