திறப்பு

கூழாவடிக்குளம் பொதுநோக்கு மண்டபத்துக்குத்
திறப்பு விழா நடந்து நாலு வருசம்.
திறப்பு இன்னும் என்னிடம்தான்,
ஸ்கூட்டித் திறப்போடு ஒரே வளையத்தில்.

மண்டபம் வேண்டுமென்றால் கடிதம் தரவேண்டும்,
நோக்கம் குறிப்பிட்டு, மூன்று நாள் முன்னதாக.
செத்தவீட்டுக் கதிரைகளுக்கும் அதே விதி.
சாவு மூன்று நாள் முன்னதாக
அறிவித்து வருவதில்லை.

இந்த மாதம் சுற்றறிக்கை வந்தது:
சமூகப் பங்கேற்பை ஊக்குவித்தல்.
பிற்பகல் இரண்டு மணி. மூன்று நிறப் பேனை.
நாற்பது பேருக்கு வடையும் சோடாவும்.
வந்தது ஏழு.
அதில் இருவர் முதியோர் கொடுப்பனவு விசாரிக்க வந்தவர்கள்.

மிஞ்சிய வடையைக் கட்டும்போது
மங்களேஸ்வரி சொன்னா:
"இரண்டு மணிக்கு ஆர் பிள்ளை வருவினம்?
விடிய ஐந்தரைக்குப் பால் நிலையத்துக்கு வாங்கோ."

போனேன். பனி.
பால் வாளிகளின் வரிசையிலேயே
கூட்டம் நடந்துகொண்டிருந்தது:
சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர்,
எந்த வாய்க்காலுக்கு முதல் தண்ணி,
யானைக் காவலுக்கு இன்றிரவு ஆர்,
தனிய நிற்கிற ஜெயசீலியின் காணியை
ஆர் உழுது குடுக்கிறது.
தவயோகன் கோபித்துக்கொண்டு போனான்,
வாளி மூடியை மறந்து திரும்பி வந்தான்,
பிறகு அங்கேயே நின்றான்.

நான் பேனையை எடுத்தேன்.
பேச்சு நின்றது.
பெயர் எழுதிக்கொண்டு போனவர்களை
இந்த மண் இன்னும் மறக்கவில்லை.
பையில் போட்டேன். மெல்லத் தொடங்கியது.
பால் வண்டி வருமுன் எல்லாம் முடிவாயிற்று.

திறப்பை வளையத்திலிருந்து கழற்றி
மங்களேஸ்வரியின் கையில் வைத்தேன்.
அதற்கென்று ஒரு படிவமும் இல்லை.
மேலிடம் கேட்டால் என்ன சொல்வது என்று
மாங்குளம் வரைக்கும் யோசித்தேன்.
இன்னும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் போனபோது
மண்டபம் ஆவென்று திறந்து கிடந்தது.
மூலையில் உர மூட்டை.
மேடையில் மூன்று பிள்ளைகள் கணக்குச் செய்தன.
விழாக் கல்லின் முனையில்
யாரோ குடையைக் கொழுவியிருந்தார்கள்.

பள்ளிக் கொப்பியில் அவர்களுடைய கூட்டறிக்கை:
மின்விசிறி சுத்தவில்லை.
மதகுக்கு மண் நாங்கள் போடுவது,
குழாய் பிரதேச சபை தரவேணும்.
தராவிட்டால் முப்பது பேர் போய்க் கேட்பது.
வந்தோர்: ஐம்பத்திரண்டு.
அரசாங்கம்: வரவில்லை.

கடைசி வரியை வெட்டலாமா என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் பிள்ளை," என்றா.
"அடுத்தமுறை வந்தால்
வந்தது எண்டு எழுதுவம்."