இரண்டு விரற்கடை

ரொட்டி வாசனையோடு உள்ளே வந்தது வண்டி.
மழை நின்று அரைமணி ஆகியிருக்கும்,
ருஸ்தாவிச் சாலை இன்னும் காயவில்லை.
"வலப்பக்கமே இழுக்கிறது" என்றாள் நஸிப்ரோலா,
இடத் தோளைப் பிசைந்துகொண்டே.

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.
சரிந்திருப்பது சாலையாக இருக்கும்,
பழி வண்டிக்கு.
அதனால் சிமென்ட் ஆலைக்குப் பின்னால்
ஆளில்லாத தெருவில்
இடது ஓரமாக ஓட்டிப் பார்த்தேன்.
சரிவு மாறியது. இழுப்பு மாறவில்லை.
முன் டயர்களை இடம்வலமாக மாற்றினோம்.
ஊஹூம்.
சக்கரத்தின் நடுவில் புறங்கை வைத்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
நான்கிலும் ஒரே சூடு,
எந்த பிரேக்கும் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நிற்க வேண்டிய
ஸ்டியரிங் முத்திரை
பதினொன்றரைக்கு நின்றது.

எந்திரத்தில் ஏற்றினால்
முன்பக்கம் முழுக்கப் பச்சை.
டோ சரி. கேம்பர் சரி.
பணத்தை வாங்கிக்கொண்டு
அனுப்பிவைக்கும் இடம் இதுதான்.
நானும் அனுப்பியிருக்கிறேன்,
இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் கீழே,
ஸ்டியரிங் கம்பியின் இடமுனையில் வெளியே தெரியும் மரை ஏழு,
வலமுனையில் பதினான்கு.
யாரோ ஒருவன் என்னைப்போல் படுத்துக்கிடந்து
பச்சை வரும்வரை முறுக்கியிருக்கிறான்.

தூக்குக்குண்டு கட்டினேன்.
அடிச்சட்டத்தின் நான்கு துளைகளிலிருந்து
தரையில் நான்கு சுண்ணப் புள்ளி.
வண்டியை வெளியே தள்ளிவிட்டு
ஜும்பர் ஒரு முனை, நான் ஒரு முனை
நூலை இழுத்தோம்.
ஒரு மூலைவிட்டம்
மற்றதைவிடப் பத்தொன்பது மில்லிமீட்டர் நீளம்.

பின் அச்சு முக்கால் பாகை இடப்பக்கம் பார்க்கிறது.
முகம் ஒரு திசை, நடை ஒரு திசை.
நாய்கள் ஓடும் இப்படி,
உடம்பை ஒருக்களித்து.
அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை.

பின்சீட்டுக் கம்பளத்தைத் தூக்கினேன்.
கற்கண்டுபோல் கண்ணாடித் தூள்,
தூரிகைத் தடம் மாறாமல்
கையால் பூசிய பற்றுப்பசை,
ஒஹாயோவில் ஏதோ ஒரு கடையின் சீட்டு.
பால், பேட்டரி, பறவைத் தீனி.
அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று
சீட்டில் இல்லை.

"அவ்தாந்தில் என்ன சொல்லி விற்றான்?"
"பம்பர் மட்டும் உரசியதாம்.
தாய்மேல் சத்தியம் செய்தான்."
"பாவம் அவன் தாய்."
"என் கட்டிடத்தில்தான் இருக்கிறாள். நான்காம் மாடி.
தினமும் ரொட்டி கொடுப்பவள் நான்தான்."

சட்டத்தைப் பிடித்து இழுத்து நேராக்கும் மேடை
திபிலிசியில் இருக்கிறது.
கூலியைச் சொன்னேன்.
அவள் உதடு அசைந்தது,
லாரியில் அல்ல, மாவு மூட்டையில் கணக்குப் போட்டாள்.
"லாரி" எங்கள் பணத்தின் பெயர்,
மூட்டை அவளுடைய பணம்.

"இப்படியே ஓடுமா?"
ஓடும். டயரைத் தின்னும்.
ஈரத்தில் சட்டென்று பிரேக் போட்டால்
முதலில் முதுகு திரும்பும்.
"ஸ்டியரிங்கையாவது நேராக்கு.
அதைப் பார்த்துப் பார்த்து
என் கழுத்தும் பதினொன்றரை ஆகிவிட்டது."

நேராக்கினேன்.
அளவுத் தாளில் பத்தொன்பதை
சிவப்பில் எழுதி இரண்டுமுறை வட்டமிட்டேன்.
அவள் அதை நான்காய் மடித்து
மாவு படிந்த பையில் வைத்தாள்.
"நாளைக் காலை கொடுக்கிறேன்."
"யாருக்கு, அவ்தாந்திலுக்கா?"
"அவன் கதவைத் திறக்கமாட்டான்.
நான்காம் மாடிக்கு. ரொட்டியோடு."

வண்டி வாசலைத் தாண்டியது.
நனைந்த தாரில்
முன்சக்கரம் வைத்த தடத்தில்
பின்சக்கரம் வைக்கவில்லை.
ஜும்பர் குந்தி உட்கார்ந்து
விரல் வைத்துப் பார்த்தான்.
இரண்டு என்றான்.
நான் கை கழுவப் போனேன்.