கதவு அந்தப் பக்கம்

வலது கையே,
மடியில் படுத்திருக்கிறாய்,
கடைசி நிறுத்தம் வந்தது தெரியாமல்
தூங்கிப்போன பயணி மாதிரி.
உன்னை எழுப்பப்போவதில்லை.
பதினோரு மாதம் எழுப்பிப் பார்த்தாயிற்று.
ஒரு பழைய சேதி சொல்கிறேன், கேள்.
அன்று நீயும் இருந்தாய்.

எழுபதாம் வருஷம், டிசம்பர்.
முந்தின ராத்திரி வரை
ரங்கூன் இடப்பக்கமாக ஓடியது.
விடிந்தால் வலப்பக்கம்.
யார் கனவில் யார் வந்து சொன்னார்கள் என்று
தெருவுக்கு ஒரு கதை இருந்தது.
என்னிடம் இருந்ததோ
கெமெண்டைன் தடத்து மரக்கூண்டு பஸ்.
ரோடு மாறியது, பஸ் மாறவில்லை.
ஸ்டியரிங்கோடு நான் நடைபாதை ஓரம்,
கதவு திறந்தால் நடுரோடு.

நீயும் உன் தம்பியும்
பழைய பக்கத்துக்கே இழுத்தீர்கள்.
நத்தை தோற்கும் வேகம்.
நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் பிச்சைக்கண்ணு
முதலில் தான் குதித்து,
எதிரே வரும் லாரியை உள்ளங்கை காட்டி நிறுத்தி,
கூடைக்காரிகள், பிக்குகள், பள்ளிப் பிள்ளைகள்,
ஒவ்வொருவராய்க் கைபிடித்து இறக்கினான்.
மூன்றாம் வாரம்
அதற்கும் பழகிவிட்டது ஊர்.

இருதயசாமி ஒப்பவில்லை.
என்னைவிட நல்ல டிரைவர்.
"கை பழகினது பழகினதுதான்" என்று
சாவியை மேஜையில் போட்டுவிட்டுப் போனான்.
அவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கு
அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன்.
சர்க்கரையும் இருந்தது அவனுக்கு.
ஆனாலும் அந்தச் சாவி விழுந்த சத்தம்
சில ராத்திரி கேட்கும்.

பிறகும் எத்தனையோ மாறின.
காலையில் பணமாக இருந்த தாள்
பொழுது சாய்வதற்குள் காகிதம்.
நாற்பத்தைந்தையும் தொண்ணூறையும் கூட்டிக் கழித்துச்
சில்லறை கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.
ரங்கூன் யாங்கோன் ஆனது.
வீட்டில் மாசிலாமணி, அட்டையில் ஊ ஹ்லா மவுங்;
இருவருக்கும் சட்டை ஒன்றுதான்.

போன மாசியில்
பாதி முகம் சிரைத்த நிலையில்
ரேசரை நழுவவிட்டாய் நீ.
மிச்சப் பாதித் தாடியோடு
ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாலு நாள்.
வீடு வந்ததும் முதல் வழக்கு லோன்ஜியோடு.
ஆண்பிள்ளை முடிச்சுக்கு
இரண்டு கை வேண்டும்.
எதிர்வீட்டு டோ சான் யீ
இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார்,
பிள்ளைகள் நிக்கருக்கு வைப்பதுபோல.
மூன்று நாள் தொடவில்லை.
நாலாம் நாள் கொல்லைக்கு அவசரம்.
அவசரத்துக்கு ஏது மானம்?

உன் தம்பி,
எண்பத்திரண்டு வருஷம் சும்மா துணைக்கு வந்தவன்,
இப்போது எல்லாம் அவன்தான்.
மொஹிங்கா சாறு கழுத்து வரை வழிகிறது.
பொத்தானுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று
தமிழில் எண்ணினால்தான் அடங்குகிறான்.
பர்மியக் கணக்கு அவனுக்கு ஏறவில்லை,
ஏனோ தெரியாது.
நேற்று என் பெயரை எழுதினான்.
எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து,
'ணி' மட்டும் தனியாக,
நடுரோட்டில் இறங்கிய ஆளாட்டம்.
கிழிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த வயசுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்கிறார்
கிளினிக் டாக்டர்.
மொஹிங்கா என்றேன்.
வேறு என்ன சொல்வது?

வா, டீக்கடைக்குப் போவோம்.
கம்பு அவனிடம்.
நீ சட்டைப்பையில் இரு.
ரோட்டைக் கடக்கும் முன்
இடம் பார்ப்பேன், வலம் பார்ப்பேன்,
மறுபடியும் இடம்.
ஒருவழிப் பாதையிலும் அப்படித்தான்.
கடைப்பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

வாசலில் டோ சான் யீ கூப்பிடுகிறார்:
பொத்தான் மாறியிருக்கிறது, ஊ ஹ்லா மவுங்.

குனிந்து பார்க்கிறேன்.
நாலாவது ஓட்டையில் ஐந்தாவது.

மாறட்டும்.