முன்பணம் ஐந்நூறு

கறுப்பு அங்கி ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும்.
வாடகை இருநூற்றைம்பது, முன்பணம் ஐந்நூறு,
கறை பட்டால் கழிவு என்று
செக்காலை ரோட்டுக் கடைக்காரர்
ரசீதின் முதுகில் எழுதிக் கொடுத்திருந்தார்.

மணி நாலே கால்.
அரியக்குடி தாண்டிக் கண்மாய்க் கரையில்
இரண்டு ஸ்கூட்டி, ஒரு பழைய பல்சர்.
முழங்கால் தண்ணீரில் கொக்கு ஒன்று
எங்கள் துறைத்தலைவர் மாதிரி
எதையும் பிடிக்காமல் நின்றது.

அடைக்கலம் பையைத் திறந்தான்.
ஈரத் துண்டில் சுற்றிய ஆறு பாட்டில்,
பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில்.
ஓசூரில் கேட்டவரிடம் ஊறுகாய் என்றானாம்.
"கடையில கிடைக்காது. நான் காய்ச்சினது.
கோதுமை, மல்லி விதை,
கொஞ்சம் நாரத்தைத் தோலு. அது நம்ம ஊருக்காக."
லேபிளில் நீல மையில்:
நுண்ணுயிரியல், மூன்றாம் ஆண்டு.
அவன் இரண்டாம் ஆண்டோடு நின்றவன்.

ஓப்பனர் இல்லை.
வண்டிச் சாவி வழுக்கியது, பல்லுக்கு யாரும் துணியவில்லை.
சிகப்பி கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றினாள்,
விளிம்பை மூடிக்கடியில் கொடுத்து
ஒரே நெம்பு.
முலாம் நகக்கண் அளவு உரிந்து
பித்தளை பல்லிளித்தது.
"வாங்கி மூணு மணி நேரம் ஆகல,
அதுக்குள்ள வேலை கிடைச்சிருச்சு பாரு" என்றான் சேவுகன்.

முதல் வாய் கசந்தது.
இரண்டாவதில் நாரத்தை வந்து
நாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.
எனக்கு இதுதான் முதல் பீர்;
சொல்லிக்கொள்ளவில்லை.

பேச்சு எப்படியோ பணத்துக்குப் போனது.
சேவுகன் செம்மண்ணில் குச்சியால் கூட்டினான்:
கட்டணம், ஹாஸ்டல், ரெக்கார்டு நோட்டு,
இன்னும் மீட்காத அவன் அம்மாவின் வளையல்.
ஒரு கோடு.
கோட்டுக்கடியில்
திருச்சி, மருந்துக் கம்பெனி, பயிற்சிக்காலம்,
மாசம் பன்னிரண்டாயிரம்.
"நட்டக் கணக்குடா இது."

"வட்டிக்கடை ஊர்ல பொறந்தா
முதலும் வட்டியும் மட்டும்தான் தெரியுமா?
மூணு வருசம் காலையில எட்டு மணிக்கு
வீட்டை விட்டு வெளிய போக
எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு.
அதை வரவுல எழுது" என்றாள் சிகப்பி.
குச்சி நின்றது.
எவ்வளவு என்று எழுதுவது?

அடைக்கலம் காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான்,
அடியில் மங்கலாய்ப் படிந்திருந்தது.
"இந்த ஈஸ்ட்டோட லத்தீன் பேரு உங்களுக்குத் தெரியும்.
இதுக்கு எப்பப் பசிக்கும்னு எனக்குத் தெரியும்."
கை தட்டினோம். வாதம் அவன் பக்கம் முடிந்தது.
மனகோலப் பொட்டலம் கைமாறியது.

அப்புறம்,
லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே,
யாரையும் பார்க்காமல் கேட்டான்:
"அரியர் கட்டக் கடைசித் தேதி எப்ப?
ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக ஃபாரம் குடுத்தாங்க.
அதுல ஒரு கட்டம் இருக்கு,
நிரப்பாம அடுத்த பக்கம் போக விடமாட்டேங்குது."

தேதி எனக்குத் தெரியும்.
அடுத்த வெள்ளிக்கிழமை.
சொன்னேன். அவன் கையில் எழுதிக்கொண்டான்,
பரீட்சைக்கு முந்தின நாள் எழுதுவானே, அதே மாதிரி.

"உன் கோட்டைக் குடு, ஒரு போட்டோ."
அங்கி அவனுக்கு முழங்காலோடு நின்றது.
சேவுகன் கடைசி பாட்டிலைக் குலுக்கினான்.
நுரை இடது கை முழுக்க.
அந்தப் படத்தில்
எங்கள் யாரையும்விட அவன்தான்
பட்டதாரி மாதிரி இருந்தான்.

ஆறு பத்துக்குக் கடைக்காரர்
கையை முகர்ந்தார்.
"பீரா?"
"நாரத்தை" என்றேன்.
மறுபடி முகர்ந்தார்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்.
நூறைக் கழித்துக்கொண்டு
மீதியை எண்ணி வைத்தார்.

கல்லுக்கட்டி வரை வந்த பிறகுதான்
பட்டத்தைச் சுருட்டிய குழாய்
கையில் இல்லை என்று தெரிந்தது.
வண்டியைத் திருப்பினேன்.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
போன மழையில் யாரோ விட்டுப்போன
குடைக்குப் பக்கத்தில்
மூலையில் அதைச் சாய்த்து வைத்திருந்தார்.
"எது உங்களுது?" என்றார்.