நடக்காத திருட்டுக்கு ரசீது

மஹாப்பேயில் எங்கள் ரவுட்டர்கள் நிற்கும் அறைக்கு
ஜன்னல் கிடையாது.
வெளியே மழையா என்பதை
காவலர் தாம்ப்ளேயின் குடை சொட்டுவதை வைத்துத்தான்
தெரிந்துகொள்வேன்.

பாக்கெட்டுக்கு வழி தெரியாது.
வாசலுக்கு வாசல் விசாரித்து
கை காட்டிய திசையில் போகும்.
ஆனால் ஆதியில் விதி எழுதியவர்கள்,
யாரும் வீட்டைப் பூட்டாத ஊர்க்காரர்கள் போல,
ஒரு சலுகை வைத்தார்கள்:
போகவேண்டிய வழியைப் பாக்கெட்
தன் முதுகிலேயே எழுதிக்கொண்டு வரலாம்.
முதலில் தாணே, அப்புறம் கல்யாண், அங்கிருந்து பிவண்டி.
ரவுட்டர் மறுபேச்சில்லாமல் விடவேண்டும்.

சயான் ஸ்டேஷனில் டாக்சி ஏறிய மறுநொடி
"சர்க்கிள் பக்கம் போகாதே, கோலிவாடா உள்ளே விடு"
என்கிற என் அம்மா மாதிரி.

போன ஜூலையில் ஒரு கேபிள் பாதி செத்தது.
முழுக்கச் செத்தால் சுலபம், அலாரம் அடிக்கும்.
இது சின்னதை விட்டு, பெரியதை விழுங்கியது.
முதுகில் வழி எழுதி
ஒவ்வொரு பாக்கெட்டாய் அனுப்பினேன்,
இந்த வழியாய்ப் போய்வா, அந்த வழியாய்ப் போய்வா என்று.
கல்வா பாலத்தைத் தாண்டிய ஒன்று
திரும்பவே இல்லை.
இருபது நிமிஷம். இர்ஃபான் வடாபாவ் வாங்கித் தந்தான்.

டிசம்பரில் தணிக்கைக்கு வந்தாள் மிருணாள் பாட்கர்.
விருந்தாளிகளுக்கான வைஃபையில் உட்கார்ந்து
என் கணினியின் முகவரியைத்
தன் பாக்கெட்டுக்குச் சட்டையாய் மாட்டி
முதுகில் வழி எழுதி அனுப்பினாள்.
பில்லிங் சர்வர் என்னை நம்புகிறதுபோல் அவளை நம்பியது.
பதில் என்னிடம் வரவில்லை.
எழுதிய வழியைத் தலைகீழாய்ப் படித்து
அவள் மடியில் போய் விழுந்தது.
அப்போது அவள் தேநீரில்
ஆடைகூடப் படியவில்லை.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா
என்று இந்தியில் கேட்டேன், அரைகுறையாய்.
புரிந்துவிட்டது அவளுக்கு.
"கொளுத்தச் சொல்லவில்லை.
ஒரு கதவு.
வருஷத்துக்கு எத்தனை நாள் அதில் போகிறாய்?"

ஒரு நாள்.
சொல்லவில்லை.

அன்றிரவு
'இல்லை' என்று தொடங்கும் ஒரே ஒரு வரியை
நாற்பத்திரண்டு ரவுட்டர்களில் தட்டினேன்.
எதுவும் முனகவில்லை.
பச்சை விளக்குகள் பச்சையாகவே எரிந்தன.

இந்த ஜூலையில் அதே நோய், வேறு கேபிள்.
நான்கு மணி பத்து நிமிஷம்.
ஒவ்வோர் ஊராய் ஃபோன் போட்டு எழுப்பி,
சுக்தேவ் பிவண்டியில் முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளிப்போய்,
கடைசியில் கண்டுபிடித்தோம்.
உல்லாஸ்நகரில் ஒரு டயாலிசிஸ் சென்டர்
அதுவரை பெயர்களைக் கையால் எழுதியது.

போன வருஷம் இருபது, இப்போது இருநூற்றைம்பதா
என்றார் மேனேஜர்.
ஒரு தட்டில் வைக்க அவரிடம் எண் இருந்தது.
மறு தட்டில் வைக்க என்னிடம் என்ன?
எந்த ஊரிலிருந்தோ
என் சட்டையில் வராமல்போனவன் எவன்,
எதை எடுக்காமல் போனான்,
அல்லது அப்படி ஒருவனே கிடையாதா?
நடக்காத திருட்டுக்கு
எந்த ஸ்டேஷனிலும் ரசீது தருவதில்லை.

மிருணாள் இப்போது புணேயில்.
நடந்ததை நீளமாக எழுதி அனுப்பினேன்.
"சுக்தேவுக்கு ஜுரம் இல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.
இருந்தது. மூன்று நாள்.

விடியற்காலை சயானில் இறங்கி டாக்சி பிடித்தேன்.
புது ஆள், ஜோன்பூர்ப் பக்கம்.
சர்க்கிளில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.
கோலிவாடா என்ற சொல் நாக்குநுனி வரை வந்தது.
கண்ணாடியில் ஒருமுறை
என் முகத்தைப் பார்த்துவிட்டு
சர்க்கிள் பக்கம் திருப்பினான்.

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
தண்ணீர் கதவிடுக்கில் ஏறியது.
காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.